வீட்டுக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது

உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரும் பொதுக்குழாய் நீரும் ஒரே மேல்தொட்டியில் கலக்கின்றன. கருவி விற்க வந்தவர் கையடக்க மீட்டரை டம்ளர் நீரில் நனைத்து, டி.டி.எஸ். 340 என்று காட்டி, ஆர்.ஓ. (சவ்வின் வழியே அழுத்தி உப்பை நீக்குவது), யு.வி. (புற ஊதாக் கதிர்), யு.எஃப். (நுண்துளை இழை வடிகட்டி) மூன்றும் அடங்கிய எட்டு அடுக்குக் கருவிதான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அது தேவைதானா, வாங்கினால் எப்படிப் பராமரிப்பது, ஆர்.ஓ. வெளியே தள்ளும் நீரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 340 என்ற அந்த ஒரே எண்ணை நம்பி எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம். உங்கள் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஓர் ஆய்வகம் சொல்ல வேண்டும். அந்த அறிக்கைதான் கருவியைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய கவலை.

டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு. கையடக்க மீட்டர் அதை நேரடியாக அளப்பதில்லை. நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை அளந்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஒரு காரணியால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. அந்த எண்ணில் பெரும்பங்கு கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் ஆகியவற்றால் ஆனது. உலக சுகாதார நிறுவனம் டி.டி.எஸ்.ஸுக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட வரம்பு எதையும் வைக்கவில்லை. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை பொதுவாக நன்றாக இருக்கும் என்றும், 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காத அளவுக்கு மாறிக்கொண்டே போகும் என்றும் மட்டுமே சொல்கிறது. ஆகவே 340 என்பது பயப்பட வேண்டிய எண் அன்று.

ஆனால் நிம்மதி அடையவும் அந்த எண் போதாது. நோய்க்கிருமிகள் அந்த மீட்டரில் தெரியவே தெரியாது. ஆர்செனிக்குக்கும் ஈயத்துக்கும் உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு ஆர்செனிக் இருந்தாலும் அது 0.1 மில்லிகிராம்தான், முழு எண்களைக் காட்டும் மீட்டரில் 340 அப்படியே 340 ஆகத்தான் நிற்கும். பூச்சிக்கொல்லி, எண்ணெய்க் கழிவு போன்ற கரிமப் பொருள்கள் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை என்பதால் அவையும் தப்பிவிடும். டி.டி.எஸ். 90 உள்ள நீரைக் குடித்து வயிற்றுப்போக்கு வரலாம். 500 உள்ள நீரை ஆயுள் முழுவதும் குடித்து நலமாகவும் இருக்கலாம்.

எனவே முதல் செலவு ஆய்வுக்குத்தான். ஆய்வகத்தில் பொதுவாகக் கேட்க வேண்டியவை இவை: கோலிஃபார்ம், ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்கள், கலங்கல் தன்மை, அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச்., மொத்தக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு), இரும்பு, மாங்கனீசு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், ஈயம். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலக்கழிவு எங்கோ கலக்கிறது என்று பொருள். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள்ளும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். சாயப்பட்டறை, தோல் பதனிடும் தொழில், குப்பைக் கிடங்கு, தீவிர விவசாயம் ஆகியவற்றில் ஏதேனும் கிணற்றுக்கு அருகில் இருந்தால் அதையும் ஆய்வகத்தாரிடம் சொல்லுங்கள்; அதற்கேற்ற கூடுதல் சோதனைகளை அவர்கள் சொல்வார்கள்.

மாதிரி எடுப்பதில் கவனக்குறைவு இருந்தால் அறிக்கைக்கு மதிப்பில்லை. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தொற்றுநீக்கிய பாட்டிலையே பயன்படுத்த வேண்டும். அதன் அடியில் சிறிது வெள்ளைத் தூளோ இரண்டு துளி திரவமோ இருந்தால் அதைக் கழுவி ஊற்றிவிடக் கூடாது. அது சோடியம் தயோசல்பேட். நீரில் உள்ள குளோரினை அந்தக் கணமே செயலிழக்கச் செய்வதற்காக வைக்கப்படுவது. அது இல்லாவிட்டால், ஆய்வகம் போய்ச் சேரும் வரை குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுகொண்டே இருக்கும். அறிக்கை பொய்யான நற்சான்று கொடுத்துவிடும். குழாய் முனையில் வலையோ ரப்பர்க் குழாயோ இருந்தால் கழற்றிவிட்டு, முனையைத் தொற்றுநீக்கியால் நன்றாகத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டு, பிறகு பாட்டிலைத் திறந்து, மூடியைக் கீழே வைக்காமல் உட்புறம் தரையை நோக்கும்படி கையிலேயே பிடித்துக்கொண்டு நிரப்ப வேண்டும். வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் காற்றிடம் விட வேண்டும். பனிக்கட்டியுடன் வைத்து அன்றே கொடுத்துவிடுவது நல்லது. 24 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கவே கூடாது. ஈயத்துக்கு மட்டும் முறை வேறு. இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரின் முதல் வரவைப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் ஈயம் பெரும்பாலும் வீட்டின் பழைய குழாய்களிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும்தான் கரைந்து வருகிறது.

உங்கள் வீட்டில் இரண்டு ஆதாரங்கள் கலப்பதால், தொட்டியில் சேர்வதற்கு முன்பே கிணற்று நீரைத் தனியாகவும் பொதுக்குழாய் நீரைத் தனியாகவும், பிறகு சமையலறைக் குழாய் நீரையும் சோதியுங்கள். இரண்டும் தூய்மையாக இருந்து சமையலறையில் மட்டும் கோலிஃபார்ம் வந்தால் குற்றவாளி பெரும்பாலும் மேல்தொட்டி. அப்போது தேவைப்படுவது தொட்டியைக் கழுவி, மூடியைச் சரிசெய்து, குளோரின் இடுவது. கருவி அதற்கு அடுத்த படிதான். கிணற்று நீரில் மட்டும் ஃபுளோரைடு இருந்தால், குடிப்பதற்குப் பொதுக்குழாய் நீரைத் தனி இணைப்பில் கொண்டுவருவது எந்தக் கருவியையும்விட எளிய தீர்வு. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடையின் இறுதியில் ஒருமுறை சோதித்தால் ஆண்டின் இரு எல்லைகளும் தெரிந்துவிடும்.

அறிக்கை கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கிருமிகளை. அவை ஒரே நாளில் ஆளைப் படுக்கையில் தள்ளக்கூடியவை. ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. கிருமிகளுக்கு இன்றும் நம்பகமான வழி கொதிக்கவைப்பது. நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே உள்ள இடங்களில் மூன்று நிமிடம். ஆனால் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் ஆகியவை கொதிப்பதால் போகா. நீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடும். நைட்ரேட் மிகுந்த நீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அந்த நைட்ரேட் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உதடும் தோலும் நீலம் பாரிக்கச் செய்யும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

யு.வி. என்பது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரால் கிருமிகளின் மரபணுப் பொருளைச் சிதைத்து, அவை பெருக முடியாதபடி செய்யும் முறை. நீரிலிருந்து எதையும் அது நீக்குவதில்லை, எதையும் சேர்ப்பதுமில்லை. தெளிந்த நீரில் மிக நன்றாக வேலை செய்யும். நீர் கலங்கலாக இருந்தால் துகள்களின் நிழலில் கிருமிகள் ஒளிந்துகொள்ளும். இரும்பும் கடினத்தன்மையும் மிகுந்திருந்தால் விளக்கைச் சூழ்ந்த குவார்ட்ஸ் உறையில் படிவு ஏறிக் கதிரை மறைத்துவிடும். ஆகவே யு.வி.க்கு முன்னால் நல்ல வண்டல் வடிகட்டி கட்டாயம். மின்சாரம் நின்றால் பாதுகாப்பும் நின்றுவிடும். விளக்கு எரியாதபோது நீரோட்டத்தைத் தானாக நிறுத்தும் வால்வு உள்ள கருவியையே வாங்க வேண்டும்.

யு.எஃப். வேறு வகை. ஏறத்தாழ 0.01 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளைகள் கொண்ட உள்ளீடற்ற இழைகள் வழியாக நீரைச் செலுத்துவதால் பாக்டீரியாக்களும் ஒட்டுண்ணிகளின் கூடுகளும் புறத்தே நின்றுவிடுகின்றன. மிகச் சிறிய வைரஸ்கள் சில நழுவக்கூடும். மின்சாரம் வேண்டாம், நீர் வீணாவதில்லை, கலங்கலையும் தாங்கும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளுக்கு எதிராக இது மிகவும் பயனுள்ளது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முறையாகக் குளோரின் இடப்பட்ட பொதுக்குழாய் நீரைக் குடித்த சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றதற்கு அந்த ஒட்டுண்ணிதான் காரணம். அங்கே கோட்டைவிட்டது வடிகட்டும் நிலையம். குளோரின் வாசனை வருகிறது என்பதாலேயே நீர் முழுப் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கார்பன் வடிகட்டி குளோரினையும், கெட்ட வாடையையும், கரிமப் பொருள்கள் பலவற்றையும் தன் பரப்பில் ஈர்த்துக்கொள்கிறது. உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவற்றை அது தொடாது. குளோரினை நீக்கிவிடுவதால் அதன் பின்னே வரும் நீருக்குக் கிருமிகளிடமிருந்து காவல் இல்லை. கார்பனுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் குடியேறவும் முடியும். ஆதலால் கிருமி நீக்கும் கட்டம் கார்பனுக்குப் பிறகே வர வேண்டும். கடைகளில் கருவியின் உட்புறத்தைத் திறந்து காட்டச் சொல்லி இந்த வரிசையை நீங்களே பார்க்கலாம்.

இனி ஆர்.ஓ. அழுத்தத்தால் நீரை ஒரு மெல்லிய சவ்வின் வழியே புகுத்தி, கரைந்த உப்புகளில் 90 முதல் 98 விழுக்காடு வரை பின்தங்கச் செய்யும் முறை அது. 1959, 1960 ஆண்டுகளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் நடைமுறைக்கு ஏற்ற முதல் சவ்வை உருவாக்கியது கடல்நீரைக் குடிநீராக்கும் நோக்கத்தில்தான். உப்பு மிகுந்த நீருக்காகப் பிறந்த இந்த அருமையான தொழில்நுட்பத்தை, ஏற்கெனவே நல்ல நீர் வரும் வீட்டில் பொருத்துவது விரயம். வீட்டுக் கருவிகள் பல, உள்ளே வரும் நான்கு லிட்டரில் ஒரு லிட்டரை மட்டும் குடிநீராகத் தந்து மூன்று லிட்டரை வெளியேற்றுகின்றன. வேண்டாத உப்புகளோடு கால்சியமும் மக்னீசியமும் போய்விடுகின்றன, நீர் சற்று அமிலத்தன்மை அடைகிறது, சுவையும் சப்பென்று ஆகிறது. உணவிலிருந்து தாதுக்கள் போதுமான அளவு கிடைப்பவர்களுக்கு இதனால் பெருங்கேடு வராது என்றாலும், காரணமில்லாமல் அவற்றை நீக்குவதற்கு நியாயமும் இல்லை.

காரணம் இருக்கும்போது ஆர்.ஓ.வுக்கு வீட்டளவில் ஈடு குறைவு. டி.டி.எஸ். 1000-ஐத் தாண்டிய கரிப்பு நீர், வரம்பு மீறிய ஃபுளோரைடு, நைட்ரேட், ஈயம் ஆகியவை அந்தக் காரணங்கள். ஆர்செனிக்கில் ஒரு நுணுக்கம் உண்டு: நீரில் அது இரண்டு வேதி வடிவங்களில் இருக்கும். ஐந்திணைத்திற வடிவில் உள்ள ஆர்செனிக்கைச் சவ்வு நன்றாகத் தடுக்கும். நிலத்தடியில் ஆக்சிஜன் குறைந்த நீரில் காணப்படும் மூவிணைத்திற வடிவம் மின்னேற்றம் இல்லாததால் கணிசமாக நழுவிவிடும். ஆகவே முதலில் குளோரின் இட்டு ஆக்சிஜனேற்றம் செய்து ஐந்திணைத்திற வடிவுக்கு மாற்றி, அந்தக் குளோரினைக் கார்பனால் நீக்கி, அதன்பின் சவ்வுக்கு அனுப்ப வேண்டும். ஆர்செனிக் உள்ள வீட்டார் கருவி பொருத்திய பிறகு வெளிவரும் நீரை மறுபடி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் நிம்மதியாக இருக்கக் கூடாது.

ஆர்.ஓ. கருவிகளில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற ஒரு சிறிய திருகு இருக்கும். சவ்வைக் கடக்காத நீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்த நீரோடு கலந்து, சுவையைக் கூட்டுவதற்கான வழி அது. இதில் உள்ள ஆபத்தை விற்பவர்கள் சொல்வதில்லை. கிணற்று நீரில் ஃபுளோரைடு 3 மில்லிகிராம் என்று வையுங்கள். சவ்வைக் கடந்த நீரில் அது 0.2 ஆகிவிடுகிறது. திருகைத் திறந்து பாதிக்குப் பாதி கலந்தால் டம்ளரில் இருப்பது 1.6 மில்லிகிராம், வரம்பான 1.5-ஐ மீறிவிட்டது. எதை நீக்குவதற்காகக் கருவி வாங்கினோமோ அதுவே பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், ஈயம் ஆகியவற்றுக்காக ஆர்.ஓ. வாங்கியவர்கள் அந்தத் திருகை முழுவதும் மூடிவைக்க வேண்டும். சுவை வேண்டுமென்றால் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாது நிரப்பிய தாதுச் சேர்ப்புக் கார்ட்ரிட்ஜை (கழற்றி மாற்றக்கூடிய குப்பி)ச் சவ்வுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

கடினத்தன்மை மட்டுமே தொல்லை என்றால், அதாவது பாத்திரத்தில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காமை, வெந்நீர்க் கருவியில் சுண்ணாம்பு என்றால், அது குடிநீர்ப் பிரச்சினையே அன்று. வீடு முழுவதற்குமான மென்னீராக்கி அதற்குப் போதும். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பதால், உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் சமையலறைக் குழாயை அதிலிருந்து விலக்கிவைப்பது நல்லது. வாளியில் பிடித்துவைத்த நீர் சிறிது நேரத்தில் செம்பழுப்பாக மாறினால் இரும்பு. அதற்கு ஆக்சிஜனேற்றி வடிகட்டும் தனிக் கலன் இருக்கிறது. இவ்விரண்டையும் கவனிக்காமல் ஆர்.ஓ. பொருத்தினால் சவ்வு ஓராண்டுகூடத் தாங்காது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஆய்வில் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், ஈயம் நான்கும் வரம்புக்குள் இருந்தால், 340 டி.டி.எஸ். உள்ள உங்கள் நீருக்கு ஆர்.ஓ. வேண்டியதில்லை. ஐந்து மைக்ரான் வண்டல் வடிகட்டி, கார்பன், அதன்பின் யு.வி. அல்லது யு.எஃப். என்ற எளிய அமைப்பே சரி. மின்வெட்டு அதிகமென்றால் யு.எஃப்.; நீர் தெளிவாகவும் மின்சாரம் சீராகவும் இருந்தால் யு.வி.; இரண்டையும் சேர்த்துக்கொள்ள வசதி இருந்தால் யு.எஃப்.புக்குப் பின் யு.வி. அந்த நான்கில் ஏதேனும் ஒன்று வரம்பு மீறியிருந்து, மாற்று ஆதாரமும் இல்லையென்றால் ஆர்.ஓ. வாங்குங்கள், தயக்கம் வேண்டாம்.

அடுக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே கார்பனை மூன்று குப்பியில் பிரித்துவைத்து மூன்று அடுக்கு என்று கணக்குக் காட்ட முடியும். கருவி எந்தப் பொருளை எத்தனை விழுக்காடு குறைக்கிறது என்று சுதந்திரமான சோதனை மூலம் சான்று பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். உலகளவில் பரவலாக ஏற்கப்படும், என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கச் சான்றளிப்பு நிறுவனத்தின் தரநிலைகளில் 42 என்பது சுவை, வாடை சார்ந்தது, 53 உடல்நலம் சார்ந்த மாசுகளுக்கு, 55 யு.வி.க்கு, 58 ஆர்.ஓ.வுக்கு. 42-க்கு மட்டும் சான்று வாங்கிவிட்டு ஈயத்தையும் நீக்கும் என்று விளம்பரம் செய்தால் நம்பக் கூடாது. அடுத்து, கார்ட்ரிட்ஜும் மெம்பிரேனும் (அதாவது ஆர்.ஓ. சவ்வும்) பொது அளவுகளில் கிடைப்பவையா, அந்த ஒரு நிறுவனத்திடம் மட்டுமே வாங்க வேண்டியவையா என்று பாருங்கள். கருவியின் விலையைவிட ஐந்து ஆண்டுகளில் உதிரிகளுக்கு ஆகும் செலவு அதிகமாகிவிடுவது சாதாரணம். இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும். குழாயில் நீரழுத்தம் குறைவென்றால் ஆர்.ஓ.வுக்கு பூஸ்டர் பம்ப் தேவைப்படும். சேமிப்புத் தொட்டி பெரியதாக இருப்பது வசதி என்று தோன்றும். குளோரின் இல்லாத நீர் நாட்கணக்கில் தேங்குவது நல்லதன்று. ஒரே நாளில் காலியாகும் அளவே போதும்.

பராமரிப்புதான் உண்மையான வேலை. அதில் என் உறுதியான கருத்து ஒன்று: நாட்காட்டியை மட்டும் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். வண்டல் வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். கலங்கல் நீர் வரும் வீட்டில் அது இரண்டு மாதத்திலேயே அடைத்துக்கொள்ளும், தெளிந்த நீரில் ஓராண்டு நிற்கும். கண்ணாடிபோல் தெரியும் கூடு இருந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். இல்லையெனில் நீர் வரும் வேகம் குறைவதே அடையாளம். கார்பனை அப்படிக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பொதுக்குழாய் நீரில் குளோரின் இருப்பதால் உங்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு: நீச்சல்குளத்துக்குப் பயன்படுத்தும் குளோரின் சோதனைத் துளிகளைக் கார்பனுக்குப் பின் வரும் நீரில் இட்டுப் பாருங்கள். நிறம் தோன்றினால் கார்பன் களைத்துவிட்டது. ஆர்.ஓ. உள்ள வீட்டில் இது மிக முக்கியம். இன்றைய மெம்பிரேன்களின் பாலிஅமைடு அடுக்கைக் குளோரின் அரித்துவிடும், அரித்ததை எந்தக் கழுவலும் மீட்காது. மலிவான கார்பனை மாற்றாமல் விட்டு விலையுயர்ந்த மெம்பிரேனை இழப்பது இப்படித்தான்.

மெம்பிரேனின் நலத்தை அறிய அந்த டி.டி.எஸ். மீட்டர் உண்மையிலேயே உதவும்; அதன் சரியான பயன் இதுதான். உள்ளே போகும் நீரையும் வெளிவரும் நீரையும் மாதம் ஒருமுறை அளந்து, கருவியின் பக்கத்திலேயே ஒரு தாளில் குறித்துவையுங்கள். உள்ளே 800, வெளியே 48 என்றால் 752 தடுக்கப்பட்டிருக்கிறது, அதாவது 94 விழுக்காடு. அளக்கும்போது கன்ட்ரோலர் திருகு மூடியிருக்க வேண்டும். இரவு முழுவதும் கருவி ஓய்ந்திருந்தபின் வரும் முதல் நீரில் உப்பு கூடுதலாகத் தெரியும். ஓய்வில் உப்புகள் மெல்ல மெல்லச் சவ்வைக் கடந்துவிடுவதே காரணம். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அளக்க வேண்டும். 94 என்பது மாதங்கள் செல்லச் செல்ல 90, 85 என்று இறங்கி 80-ஐ நெருங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஃபுளோரைடு போன்றவற்றுக்காக வாங்கியிருந்தால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. தடுக்கும் விழுக்காடு நன்றாகவே இருந்து நீர் வரத்து மட்டும் குறைந்தால் மெம்பிரேனைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வண்டல் வடிகட்டியையும், பிறகு பம்பின் அழுத்தத்தையும் பாருங்கள். குளிர்காலத்தில் நீரின் வெப்பம் ஒரு பாகை குறைந்தால் வரத்து ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். நல்ல நிலையில் உள்ள மெம்பிரேனைக் குளிர்மாதத்தில் மாற்றிக் காசு வாங்கிப்போகும் பணியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் தாளில் உள்ள எண்கள்தான் அவர்களுக்குப் பதில்.

யு.வி. விளக்கின் நீல வெளிச்சம் பலரை ஏமாற்றுகிறது. கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பளிச்சென்று இருக்கும்போதே அந்தக் கதிர் வலுவிழந்திருக்கும். பெரும்பாலான விளக்குகளின் ஆயுள் ஏறத்தாழ 9000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் எரிந்தால் ஓராண்டு. எரிகிறதே என்று விடாமல் உற்பத்தியாளர் சொன்ன மணி நேரம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள், எரியும் விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். குவார்ட்ஸ் உறையில் வெள்ளைப் படிவு இருந்தால் வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ நனைத்த மென்துணியால் துடையுங்கள். விளக்கினுள் பாதரசம் இருப்பதால் பழையதைக் குப்பையில் உடைத்துப் போடக் கூடாது.

சேமிப்புத் தொட்டியை மறந்துவிடுபவர்களே அதிகம். உட்சுவரை விரலால் தடவும்போது வழவழப்பாக இருந்தால் அது பாக்டீரியாப் படலம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைத் தனியாக்கி, மெம்பிரேனுக்கும் கார்பனுக்கும் பிளீச் போகாதபடி இணைப்பைக் கழற்றிவிட்டு, 10 லிட்டர் நீருக்கு 5 விழுக்காடு வலிமையுள்ள வாசனையற்ற பிளீச் 10 மில்லிலிட்டர் என்ற அளவில் கலந்து நிரப்பி, அரை மணி நேரம் வைத்து, அந்த நீரையே குடிநீர்க் குழாய் வழியாகவும் வெளியேற்றி, வாடை போகும்வரை சுத்தமான நீரால் அலச வேண்டும். குழாய் முனையையும் துடைக்க மறக்காதீர்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றும் எவரும் சோப்பிட்டுக் கைகழுவிவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும். வீட்டுக்கு வரும் பணியாளரிடம் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது. கூட்டின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, உணவுத்தரமுள்ள சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசி மூடினால் கசிவு வராது. புதிய கார்பன் பொருத்தியதும் கரித்தூள் நின்று நீர் தெளியும்வரை ஓடவிட்டு, அந்த நீர் மெம்பிரேனுக்குப் போகாமல் வெளியேற்றுங்கள். புதிய மெம்பிரேனில் பாதுகாப்புத் திரவம் இருக்கும். முதல் தொட்டி நீரை முழுவதும் கொட்டிவிட வேண்டும். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினாலும் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பிக் குடியுங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதென்றால், எந்தெந்த உதிரி அதில் அடங்கும், மெம்பிரேன் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருகையிலும் உள்நீர், வெளிநீர் டி.டி.எஸ். இரண்டையும் உங்கள் முன்னால் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். எந்தக் கருவியாக இருந்தாலும், வெளிவரும் நீரை ஆண்டுக்கு ஒருமுறை ஈ.கோலை சோதனைக்குக் கொடுப்பதை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

கடைசியாக, ஆர்.ஓ. வெளியேற்றும் நீர். அது சாக்கடை நீர் அன்று. உள்ளே வந்த அதே நீர், உப்பு சற்று கூடியது. நான்கு லிட்டரில் ஒன்று குடிநீராகும் கருவியில், 340 உள்ள நீர் வெளியேறும்போது ஏறத்தாழ 445 ஆக இருக்கும். 1500 உள்ள நீர் 1970-ஐ நெருங்கும். முதல் வகை நீரைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு, பாத்திரத்தை முதல் அலசு அலச, செடிகளுக்குக்கூட ஊற்றலாம். இரண்டாம் வகையைச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பேறி இலை விளிம்புகள் கருகும். அதைத் தரைக்கும் கழிப்பறைக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்செனிக்குக்காக ஆர்.ஓ. பொருத்தியிருந்தால் அந்த நீரைக் கீரைப் பாத்திகளுக்கோ கால்நடைகளுக்கோ விடக் கூடாது. ஒரு நிமிடத்தில் வரும் குடிநீரையும் வெளியேறும் நீரையும் அளவுக் குவளையில் பிடித்து விகிதத்தை அவ்வப்போது பாருங்கள். விகிதம் ஒன்றுக்கு ஐந்து, ஆறு என்று ஏறியிருந்தால் ஓட்டக் கட்டுப்படுத்தியோ மெம்பிரேனோ பழுது. தொட்டி நிரம்பிய பிறகும் வெளியேற்றுக் குழாயில் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் தானியங்கி அடைப்பு வால்வு கெட்டிருக்கிறது. சிறிய உதிரிதான், ஆனால் அன்றே மாற்றாவிட்டால் இரவு பகலாக நீர் வீணாகிக்கொண்டே இருக்கும்.